சிரித்தவன் நான்தான்

நாடகம் ஆட வந்த ஒரு பெண்ணின் சம்பளத்தில் 500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு அனுப்பினேன். 2002-ஆம் வருஷம், பங்குனி மாதம். அதற்கு அன்றைக்கு நான் சபையில் சொன்ன காரணம் பொய். ஊர் அந்தப் பொய்யை நம்பியது. என் வீட்டில் ஒருத்தி மட்டும் நம்பவில்லை. நம்பவில்லை என்பதை அவள் பல வருஷம் சொன்னதே இல்லை. எனக்குத் தெரியும், அவ்வளவுதான். இத்தனை வருஷம் கழித்து அதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பூம்பாறைக்காரன். கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் போகிற பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். மேலே இருந்து பார்த்தால் படிப்படியாக வெட்டிய வயல்கள், நடுவே ஓட்டு வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அது காட்சி. எங்களுக்கு அது பூண்டு. தோண்டிய பூண்டைத் தாளோடு கட்டி, பரணில் தொங்கவிட்டு, கீழே புகை போட்டு வைப்போம். அப்படி வைத்த பூண்டு மாதக்கணக்கில் கெடாது. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. நானும்தான். ஆனால் பூண்டு கெடாது என்று யாராவது பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் குரல் கேட்கும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

என் மனைவியின் ஊர் மலையிலேயே இன்னொரு பக்கம். பெயர் வேண்டாம். அங்கே பங்குனித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் வைப்பார்கள். வள்ளி திருமணம்தான் பெரும்பாலும். முருகன் மலையில் வேறு எதை வைப்பது? தலைக்கட்டு வரி வசூலித்து, திண்டுக்கல்லுக்குப் போய் நடிகர்களைப் பேசி, அட்வான்ஸ் கொடுத்து, நோட்டீஸ் அடித்துக்கொண்டு வருவது என் பொறுப்பு. ஊர் மாப்பிள்ளை, நாலு எழுத்துப் படித்தவன், கணக்கில் சுத்தம் என்று என்னிடம் விட்டிருந்தார்கள். கணக்கில் சுத்தம் என்று அவர்கள் நம்பியது எனக்கு அன்றைக்குப் பெரிய கௌரவம்.

ஸ்பெஷல் நாடகம் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது கம்பெனி நாடகம் இல்லை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீ பார்ட் இன்னொரு ஊர், ஆர்மோனியக்காரர் மதுரை, பபூன் புதுக்கோட்டைப் பக்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசிக் கூட்டிவர வேண்டும். ஒத்திகை கிடையாது. அன்று இரவு மேடையில்தான் சந்திப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் கதைப்போக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் 1922-இல் இறந்தார். அவர் நாடகங்கள்தான் இன்றைக்கும் இந்த நடிகர்களுக்குச் சோறு போடுகின்றன.

ஆனால் இரவு 10 மணிக்குத் திரை விலகியதும் வள்ளியோ நாரதரோ வர மாட்டார்கள். பபூன் வருவார். தனியாகப் பாடி, பேசி, கூட்டத்தைத் தன் பக்கம் இழுப்பார். அப்புறம் டான்ஸ் காமிக் என்று ஒரு பெண் வருவாள். ரோட்டில் போகிற இருவர் தெரியாமல் மோதிக்கொள்வது போல ஆரம்பிக்கும். சண்டை, சவால், பாட்டு, எதிர்ப்பாட்டு, கடைசியில் காதல். பபூன் காமிக் முடிய நடுச்சாமம் ஆகிவிடும். குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிழவிகளும் பிள்ளைகளும் விழித்திருப்பது அதற்காகத்தான். வள்ளியின் தர்க்கம் சூடு பிடிக்கிற நேரத்தில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். விடிகிற நேரம் எழுப்பிவிட்டால் கல்யாணத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

காமிக் வசனங்களில் பாதியை அந்தந்த ஊரில்தான் கட்டுவார்கள். நல்ல பபூன் சாயங்காலமே டீக்கடையில் வந்து உட்கார்ந்து ஊர் நிலவரம் கேட்பார். அந்த வருஷம் வந்தவர் என்னிடம்தான் கேட்டார்.

"பூண்டை எங்கண்ணே கொண்டுபோய் விப்பீங்க?"

"வடுகபட்டி மார்க்கெட்டுக்குத்தான். பெரியகுளம் பக்கம்."

"போனா அன்னைக்கே திரும்பிருவீங்களா?"

"எங்க? மறுநாள் ஆகும். சில சமயம் ரெண்டு நாள்."

அந்தப் பெண்ணும் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும் கிளாஸைப் பிடித்திருந்தாள். கீழ்நாட்டுக்காரி, எங்கள் குளிர் அவளுக்குப் புதுசு. ஒரு பழைய ஸ்வெட்டர் போட்டிருந்தாள். மேடை ஏறும்போது அதைக் கழற்றிவிட்டுப் பளபளக்கிற மெல்லிய துணியில்தான் நிற்க வேண்டும். "ராத்திரி இதவிட ஜாஸ்தி குளிருமாண்ணே?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். மேடைக்குப் பின்னால் கொஞ்சம் விறகு போட்டுத் தீ மூட்டச் சொன்னதும் நான்தான். அவளிடம் எனக்கு எந்த விரோதமும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நான் முன்வரிசையில் நாற்காலியில் இருந்தேன், மாமனாருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் பக்கத்தில். பெண்கள் இடது பக்கம் தரையில். என் மனைவி அவள் அக்கா, அண்ணிமாரோடு அங்கே இருந்தாள்.

பபூன் பூண்டு வியாபாரியாக வந்தார். அவள் வழியை மறித்து நின்றாள். அவர் தன் ஊர்ப் பெருமை பேசினார். மலை, பனி, பூண்டு. "எங்க மலைப்பூண்டு வருசம் ஆனாலும் கெடாது, தெரியுமா உனக்கு?" என்று மார்தட்டினார். ஆர்மோனியம் ஒரு இழுப்பு இழுத்து நின்றது. அவள் அவரை மேலிருந்து கீழ் வரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மைக்கை நோக்கிச் சொன்னாள்:

"பூண்டு கெடல மாமா. வடுகபட்டிக்குக் கொண்டுபோன மனுசன்தான் ரெண்டே நாள்ல கெட்டுப்போயி ஏறி வர்றாரு."

நான் சிரித்தேன். வாய்விட்டு, தொடையில் தட்டி, நாற்காலியில் பின்னால் சாய்ந்து சிரித்தேன். இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.

என் சிரிப்பு அடங்கிய பிறகும் பெண்கள் பக்கம் சிரிப்பு ஓயவில்லை. அலை அலையாக வந்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொள்வது அவள் வழக்கம். அன்றைக்குக் கை மடியிலேயே இருந்தது. சிரித்தபடி நேராக என்னைப் பார்த்தாள். அவள் அக்காவும் என்னைப் பார்த்தாள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. பார்த்தார்கள் என்று நினைத்தேன்.

இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்த நாட்களில் பூண்டு விற்கப் போனால் பெரியகுளத்தில் தங்கிக் குடிப்பேன். மூட்டைக்கு விலை கிடைத்தால் சந்தோஷத்தில், கிடைக்காவிட்டால் துக்கத்தில். காட்ரோட்டில் பஸ் பிடித்து மலை ஏறும்போது சட்டைப் பையில் பாதிப் பணம் இருக்காது. விலை விழுந்துவிட்டது என்று வீட்டில் சொல்வேன். முந்தின வருஷம் விதைப்பூண்டுக்கு ஒதுக்கிய பணத்தை அப்படித் தொலைத்துவிட்டு, அவள் தோட்டை அடகு வைத்து விதை வாங்கினோம். அதை அவள் தன் அக்காவிடமாவது சொல்லியிருப்பாள் என்று அந்த நிமிஷம் வரை நான் நினைத்ததில்லை.

பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். "என்ன மாப்பிள்ளை, பொம்பளப்புள்ள வாய் கொஞ்சம் நீளுதே" என்றார். அதட்டலாகக்கூட இல்லை. சும்மா சொன்னார். ஆனால் எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

எழுந்து மேடைக்குப் போனேன். கையைக் காட்டி ஆர்மோனியத்தை நிறுத்தினேன். மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "இது சாமி காரியம். குடும்பத்தோட உக்காந்து பாக்கிற எடம். இரட்டை அர்த்தத்துல பேசுறதா இருந்தா நாடகத்தை நிப்பாட்டிட்டுக் கிளம்பலாம்."

கூட்டம் அமைதியாகிவிட்டது. ஆண்கள் பக்கம் இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். பபூன் இரண்டு கையும் கூப்பி, "தப்பு இருந்தா சபை மன்னிக்கணும்" என்றார். அனுபவஸ்தர். அவள் கும்பிடவில்லை. என்ன தப்பு என்று தெரியாமல் ஆர்மோனியக்காரரைப் பார்த்தாள், பபூனைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். அதோடு காமிக் முடிந்தது. நாரதர் வந்தார்.

இதைப் படிப்பவர்கள் அந்த வசனத்தை இன்னொரு தரம் படித்துப் பாருங்கள். அதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது. ஒரே அர்த்தம்தான். அது என்னைப் பற்றியது. அதனால்தான் அதை ஆபாசம் என்றேன்.

அதற்கு அப்புறம் விடிய விடிய வள்ளி திருமணம் நடந்தது. நான் அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். வேடனாக வந்த முருகன் வள்ளியை வம்புக்கு இழுத்தார். விருத்தனாக வந்தார், தேனும் தினைமாவும் கேட்டார், விக்கல் எடுத்தது, தண்ணீர் கொடு என்றார், அவள் கையைப் பிடித்தார், அண்ணனை யானையாக வரவழைத்து அவளைப் பயமுறுத்தித் தன்னைக் கட்டிக்கொள்ள வைத்தார். இதில் சிருங்காரம் இல்லையா? ஏராளம். கூட்டம் சிரித்தது, கும்பிட்டது. நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எனக்குக் கூச்சமே வரவில்லை. ஆண் பெண்ணைச் சீண்டினால் அது விளையாட்டு என்று பழகியிருந்தேன். பெண் ஆணைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதுதான் பொறுக்கவில்லை.

காலையில் கணக்கு முடிக்க வந்தார்கள். ராஜபார்ட்டுக்குக் கொடுத்தேன். பபூனுக்குப் பேசியபடி முழுசாகக் கொடுத்தேன். அவளுக்குக் கொடுக்கும்போது ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் எண்ணிப் பார்த்தாள்.

"அண்ணே, குறையுது."

"சபையில பேசக்கூடாததப் பேசுனதுக்கு."

"நான் என்னண்ணே தப்பாப் பேசுனேன்? சொல்லுங்க. அடுத்த ஊர்ல பேசாம இருந்துக்கிறேன்."

என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வசனத்தை என் வாயால் திருப்பிச் சொன்னால் அதில் ஆபாசம் எதுவும் இல்லை என்பது அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். "அதெல்லாம் திருப்பிச் சொல்ற பேச்சா?" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. ரூபாயைப் பர்ஸில் வைத்துக்கொண்டு, தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். கேள்வியைத் தூக்கிப் போட்ட பபூனுக்கு முழுச் சம்பளம், அதற்குப் பதில் சொன்னவளுக்குப் பிடித்தம். இது எந்தக் கணக்கில் சேரும் என்று கணக்கில் சுத்தமான நான் யோசிக்கவில்லை.

அந்த 500 ரூபாயை நான் தின்னவில்லை. விழாக் கணக்கில் வரவு வைத்தேன். பல வருஷம் அதைச் சொல்லித்தான் என் மனசைச் சமாதானம் செய்துகொண்டேன். எழுதிவைத்த திருட்டும் திருட்டுதான்.

விஷயம் அத்தோடு நிற்கவில்லை. அடுத்த வருஷக் கூட்டத்தில், "நாடகம்னா ரசாபாசமாகுது, மாப்பிள்ளையே போன வருசம் நிப்பாட்ட வேண்டியதாப் போச்சு" என்று ஒருவர் சொன்னார். நான் மறுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. ஆர்கெஸ்ட்ரா வைத்தார்கள். அதற்கு அடுத்த வருஷமும் ஆர்கெஸ்ட்ராதான். இப்போது ரெக்கார்டு பாட்டுக்கு ஆடுகிறார்கள். நான் எதை ஆபாசம் என்று சொன்னேனோ அதைவிட எத்தனையோ மடங்கு அந்த மேடையில் நடக்கிறது. வள்ளி திருமணம் அந்த ஊருக்குத் திரும்பி வரவில்லை. அதை விரட்டியது நான்.

எனக்கு அப்போது ஒரு நியாயம் கைவசம் இருந்தது. பட்டணத்து நாடகங்களை டிவியில் பார்த்து ரசித்தவன் நான். கிரேஸி மோகன் என்றால் உயிர். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது, வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். காமெடி என்றால் அப்படி இருக்க வேண்டும், இவர்களுக்கு நாகரிகம் தெரியவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டு திரிந்தேன். அவர் எழுத்து மேல் எனக்கு இருந்த பிரியம் நிஜம். அந்தப் பிரியத்தை இன்னொருத்தியை அடிக்கிற கம்பாக எடுத்தேன் என்பதும் நிஜம்.

அந்தக் கம்பு கையிலிருந்து விழுந்தது சென்னையில். மகன் அங்கே வேலைக்குப் போன பிறகு ஒரு வெயில் காலத்தில் அவன் வீட்டுக்குப் போயிருந்தோம். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் வருஷா வருஷம் நடத்துகிற கோடை நாடக விழா, நாரத கான சபாவில். கோடை என்றால் எங்களுக்குக் கொடைக்கானல். அதனால் பெயரைக் கேட்டதுமே ஒரு ஒட்டுதல். மகன் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தான். ஏ.சி. அரங்கம், மெத்தை நாற்காலி, இரண்டு மணி நேர நாடகம். புருஷன் பொய் மேல் பொய்யாகச் சொல்கிறான். பெண்டாட்டி ஒவ்வொன்றாக உரித்துக் காட்டுகிறாள். அவள் வாய் திறந்தபோதெல்லாம் அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் என் வயசு ஆண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். யாரும் எழுந்து போய் மைக்கைப் பிடிக்கவில்லை. முடிந்ததும் அந்த நடிகையைச் சுற்றி நின்று குடும்பம் குடும்பமாகப் பாராட்டினார்கள்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் சட்டென்று தொண்டை அடைத்துக்கொண்டது. மலையில் சொன்னதும் இந்த அரங்கில் சொன்னதும் ஒன்றுதான். மலையில் சொன்னவள் கடுங்குளிரில் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள். அது ஒன்றே வித்தியாசம்.

தமிழ்நாட்டில் கூத்தாடி என்ற சொல் எப்போதும் காசுக்கு ஆடுகிறவர்கள் மேல்தான் விழுந்தது. 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை ஆரம்பித்தபோது, படித்தவர்களும் கனவான்களும் கூலி வாங்காமல் மேடை ஏறினார்கள். அதனால் நாடகத்துக்கு மரியாதை வந்தது, நல்லதுதான். கூலி வாங்கியவர்களுக்கு அந்த மரியாதையில் பங்கு வரவில்லை. என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் ஜோடியாக வந்து ஆண்களின் அசட்டுத்தனத்தைத் திரையில் கிழித்தார்கள். 1949-இல் நல்லதம்பி படத்தில் மதுவிலக்குப் பிரச்சாரமே செய்தார்கள். அந்தப் படத்தை நான் மெச்சிப் பேசியிருக்கிறேன். ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளியாக நின்ற கே.பி.சுந்தராம்பாளுக்கு 1970-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் பாட்டைக் கேட்டால் எனக்குக் கண் கலங்கும். இத்தனையும் தெரிந்தவன்தான், அதே மரபில் வந்த ஒரு பெண் குடியைப் பற்றி ஒரே ஒரு வரி பேசியதற்குக் கூலியைப் பிடித்தேன். அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழி இல்லை.

சென்னையிலிருந்து திரும்பிய பிறகும் உடனே வாயைத் திறக்கவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, விதைக்குப் பூண்டுப் பல் பிரித்துக்கொண்டிருந்தபோது மனைவியிடம் கேட்டேன். உங்க ஊர்ல அன்னைக்கு நாடகத்தை நிப்பாட்டினேனே, ஞாபகம் இருக்கா என்று. அவள் பல்லைப் பிரித்தபடியே, நிமிராமல், அந்த வசனத்தை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். வடுகபட்டி, ரெண்டே நாள், எல்லாம்.

"நீங்க சிரிச்சீங்க," என்றாள். "அதப் பாத்துத்தான் நானும் தைரியமாச் சிரிச்சேன். மனுசனுக்குப் புரிஞ்சிருச்சு, இனிமே சரியாகிரும்னு நெனச்சேன். அடுத்த நிமிசமே போய் மைக்கப் பிடிச்சீங்க."

அவள் என்னைக் குத்திக்காட்டச் சிரித்தாள் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். என்னோடு சேர்ந்து சிரித்திருக்கிறாள். அந்த ஒரு நிமிஷத்தில் எங்கள் வீட்டில் ஒரு கதவு திறந்திருந்தது. நான்தான் போய்ச் சாத்தினேன். அதற்கப்புறம் நான் குடியை விட இன்னும் ஆறு வருஷம் ஆயிற்று. அந்த ஆறு வருஷமும் அவள் அதைப் பற்றி ஒரு பேச்சும் பேசவில்லை. பேசினால் என்ன நடக்கும் என்று சபையில் எல்லோருக்கும் காட்டியவன் நானல்லவா?

அந்த வருஷத்து நோட்டீஸ் என் பெட்டியில் இருக்கிறது. கட்டம் கட்டமாக நடிகர்களின் போட்டோ. கீழ்வரிசையில் அவள். போட்டோவுக்கு அடியில் ஊரும் போன் நம்பரும் அச்சடித்திருக்கிறது. இருபது வருஷம் அந்த நம்பர் என் வீட்டில் இருந்தது. ஒரு தடவைகூட நான் பேசவில்லை. மனைவியோடு பேசிய மறுநாள் காலையில்தான் முதல் தடவையாகப் போட்டுப் பார்த்தேன். இப்போது அந்த நம்பரில் யாரும் இல்லை. திண்டுக்கல்லில் அவளைப் பேசிவிட்டவரும் காலமாகிவிட்டார். மதுரையில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறது. அங்கே போய் விசாரிக்கப் போகிறேன். அவளைக் கண்டுபிடித்தாலும், ஐந்நூறு ரூபாயை வட்டியோடு கொடுத்தாலும், அந்த ஊருக்கு நாடகம் திரும்பாது என்பது எனக்குத் தெரியும்.

வரும் பங்குனிக் கூட்டத்தில் மாமனார் ஊர்க்காரர்கள் முன்னால் எழுந்து நின்று இதைச் சொல்வேன். சபையில் பிடித்த பணத்துக்குச் சபையில்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், அன்று காலையில் அவள் கேட்ட கேள்விக்கு நான் கொடுக்காத பதிலை இங்கே எழுதி வைக்கிறேன். அண்ணே என்று கூப்பிட்டுத்தான் கேட்டாள்.

தங்கச்சி, நீ தப்பாக ஒன்றும் பேசவில்லை. முதலில் சிரித்தவன் நான்தான்.